ஒத்திகைக்கு நிஜப் பெயர்கள்

"பாவம் அண்ணி நீங்க! எவனோ திருட்டுப்பய பண்ணினதுக்கு உங்க ஆபீஸைக் கழுவி ஊத்துறாங்களே!"

டிவியின் வாயை அடைத்துவிட்டு நாத்தனார் காபியை நீட்டினாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். கல்யாணம் நிச்சயமான பிறகும் வால்தனம் குறையவில்லை.

அண்ணிக்குக் கை நீளவில்லை. அவளுடைய கம்பெனிதான் அரசு மருத்துவமனைகளின் நோயாளி விவரங்களை ஒப்பந்தத்தில் பராமரித்தது. புதிதாக எதைச் சேர்த்தாலும் முதலில் ஒத்திகைத் தளம் ஒன்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் 'நோயாளி ஒன்று', 'நோயாளி இரண்டு' என்று கற்பனை ஆட்கள். அவர்களுக்கு எல்லாம் சமர்த்தாக ஓடும். நிஜ மனிதர்கள் வந்தால்தான் படுத்துவிடும். கெடு கழுத்தை நெரித்தது. "நிஜ விவரத்தையே நகல் எடுத்துப் போட்டுடுவோமே சார்" என்று சொன்னவள் அண்ணிதான்.

மேனேஜர் தலையாட்டினார். தளத்தைப் பார்வையிட வேண்டிய துறை அதிகாரியோ பாஸ்வேர்டை மறந்து மறந்து, போனில் வள்ளென்று விழுந்தார். "பாஸ்வேர்டையே தூக்கிடும்மா. ரெண்டு நாள்தானே?" என்றார். அண்ணி தூக்கினாள். ரெண்டு நாள் மாதக்கணக்காக நீண்டது. திரும்பப் பூட்டுவது யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை. நேற்று யாரோ ஒருவர் விளையாட்டாகத் தன் பெயரை இணையத்தில் தேட, அவருடைய வியாதி முழுசும் திரையில் வந்து நின்றது.

"வெளியிலேர்ந்து சைபர் தாக்குதல்னு அறிக்கை குடுத்தாச்சு. எல்லாரும் அதையே சொல்லுங்க" என்றார் மேனேஜர் காலையில். அறையே பெருமூச்சு விட்டது. அண்ணியும்தான். அந்தப் பெருமூச்சை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது.

போன வருடம் வாலு தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், காரணமின்றி அழுதுகொண்டிருந்தாள். மனநல டாக்டர் என்றதும் பயந்தாள். "வெளிய தெரிஞ்சா, அண்ணி?"

"எங்க கம்பெனிதான்டி அதைப் பாத்துக்குது. என்னைத் தாண்டி ஈ காக்கா நுழையாது" என்று கைபிடித்து அழைத்துப்போனவளும் இதே அண்ணிதான். அண்ணனுக்குக்கூடத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தானே சொல்வதாக வாலு சொல்லியிருந்தாள். நேரம் பார்த்து, தைரியம் வந்ததும்.

"காபி ஆறுது. திருடன் மேல கோவம்னா என் காபி என்ன பண்ணுச்சு?"

"திருடன் யாரும் வரலை" என்றாள் அண்ணி. "கதவைத் திறந்து வச்சது நான்தான். நிஜப் பேரைப் போடச் சொன்னதும் நான்தான்."

வாலு சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள். "என் பேரும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நேத்து தேடிப் பாத்தேன். டாக்டர் எழுதினது, மாத்திரை, எல்லாமே."

"நேத்தே தெரியுமா?"

அண்ணி ஆமென்று தலையசைத்தாள். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதைச் சொன்னால் வாலு தன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள் என்று தோன்றவே மூடிக்கொண்டாள்.

"திட்டவும் தெரியலை எனக்கு. நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க. அதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கே" என்றாள் வாலு. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைவது தெரிந்தது. இடையில் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி ஆறிய காபியைக் குடித்து முடித்தாள். அதைக் கொட்டக்கூடத் தனக்கு உரிமையில்லை என்பது போல.

வாலு உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டேன். ஊரான் வாயால கேக்குறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுட்டார். 'இதைச் சொல்லவா இத்தனை நாள்?'னு கேக்குறார், லூசு. நேர்ல வர்றாராம்."

அண்ணிக்கு மூச்சு வந்தது. "தாக்குதல்னு சொன்னியா?"

"பொய் சொல்லலை. உங்களைப் பத்தியும் சொல்லலை." வாலு காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அதை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அண்ணன்கிட்ட. அப்புறம் உங்க மேனேஜர்கிட்ட. அந்த லிஸ்ட்ல எத்தனை வாலு இருக்காங்களோ, அவங்களுக்கும் யாராவது சொல்லணும் இல்ல?"

வழக்கமாகக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவள், இன்று கிள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாலு சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. அண்ணி எழுந்துபோய் மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள். "முதல்ல நான் பேசணும்."