கோல்பியைப் பற்றி மெர்ல் சொன்னது

மெர்ல் கோபெக்கிக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. ஒன்று, அவருடைய ஊரான வெஸ்டர்பர்க்கில் பிறந்து வளர்ந்த கோல்பி ரெய்னர்ட் இன்னும் இரண்டு வருஷத்துக்குள் பேஸ்பாலின் பெரிய லீக்கில் பந்து வீசுவான். இன்னொன்று, கல்லூரிக் கூடைப்பந்துக்கு வருகிற கூட்டம் செத்துப்போய்விட்டது, இனி அது எழுந்திருக்காது.

இந்த இரண்டையும் அவர் வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு வானொலியில் சொல்லிவந்தார். பக்கத்து நகரத்து நிலையத்தில் ரஸ் டெட்டர் என்பவர் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துவார். யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசலாம். மெர்ல் பதினேழு வருஷமாகக் கூப்பிடுகிறவர். மாவட்டச் சாலைத் துறையில் வேலை. கோடையில் தார் ஊற்றுவது, பனிக்காலத்தில் லாரி ஓட்டிப் பனி வாருவது. அயோவாவின் அந்த மூலையில் அவர் முகம் தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டால் "வெஸ்டர்பர்க் மெர்ல்தானே?" என்று கேட்பார்கள்.

கோல்பியை அவனுடைய பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்துவருகிறார். இடது கைக்காரன். பதினெட்டு வயதில் ஒரு பெரிய கிளப் அவனை எடுத்துக்கொண்டது. நாலு வருஷம் அவர்களுடைய சின்ன அணிகளில் ஊர் ஊராகப் போய் வீசினான். அவன் பந்தின் வேகம் மணிக்குத் தொண்ணூற்றாறு மைல் என்பதை மெர்ல் தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். போன ஆகஸ்டில் காயப்பட்டவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தபோதும் அவர் அசரவில்லை. தோளுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், புத்திசாலிகள் என்று வானொலியில் சொன்னார்.

கூட்டத்தைப் பற்றிய கருத்தோ இன்னும் உறுதியானது. அவர் இளைஞராக இருந்தபோது கல்லூரி அரங்கில் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. இப்போது அறிவிப்பாளர் ஏழாயிரம் பேர் என்பார், மெர்ல் வரிசை வரிசையாக எண்ணிப் பார்ப்பார், நாற்காலியில் உண்மையிலேயே உட்கார்ந்திருப்பது மூவாயிரத்தைத் தாண்டாது. மாணவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள், ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள், தொலைக்காட்சிக்காரன் சொல்கிற நேரத்தில் ஆட்டம் வைக்கிறார்கள். காரணங்களை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவர் வழக்கம்போல அரங்குக்குப் புறப்பட்டார். இரண்டு தெரு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு கிலோமீட்டர் தள்ளி, சர்ச் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பனியில் நடந்தார். அரங்கைச் சுற்றி வளைந்து கிடந்தது வரிசை. ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் ஏன் வந்தார்கள்? நம் பையன்கள் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றிருக்கிறார்களே?

வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு தகப்பன், இரண்டு சின்னப் பெண்கள். அவர்கள் முகத்தில் கல்லூரியின் நிறத்தைப் பூசியிருந்தார்கள். பின்னால் எழுபது தாண்டிய நாலு பெண்கள் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். நுழைவாயிலில் அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்த பெண், இது ஆண்கள் ஆட்டத்துக்கு உரியது, அவர்கள் இன்று வெளியூரில் ஆடுகிறார்கள், இன்று பெண்கள் ஆட்டம் என்றாள். மெர்ல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. பக்கத்துச் சன்னலில் கடைசியாக ஒரே ஒரு சீட்டு இருக்கிறது என்றார்கள். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் வாங்கிவிட்டார்.

பெண்கள் கூடைப்பந்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அதை அவர் எதிர்த்ததும் இல்லை. அவருடைய எண்ணிக்கைக்குள் அது வந்ததே இல்லை, அவ்வளவுதான். இப்போது கூரைக்கடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் காலி நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார். எண்ணுவதற்கு எதுவும் இல்லை. பதினொன்றாம் எண் போட்ட ஒரு பெண் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே பந்தை எறிந்து கூடையில் போட்டபோது அரங்கம் கிடுகிடுத்தது. பாப்கார்ன் மடியில் கொட்டியதைப் பார்த்தபோதுதான் தானும் எழுந்து நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் நம் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் கோல்பியைப் பார்த்தார். கல்லூரிச் சட்டை போட்டு, இன்னும் நாலைந்து பையன்களோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நாளில் அவன் அரிசோனாவில் கிளப்பின் பேஸ்பால் பயிற்சி முகாமில் இருக்கவேண்டும்.

இடைவேளையில் மெர்ல் படியிறங்கி ஓடினார். கோல்பி அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தான். பிறகு ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"தோள் எப்படிப்பா இருக்கு?" என்றார் மெர்ல்.

"தோள் நல்லாத்தான் இருக்கு. நான் விட்டுட்டேன் மெர்ல். ஆகஸ்டுலயே விட்டுட்டேன். கிளப் இன்னும் வெளியில சொல்லல, காயம்னு பேர் போட்டு வச்சிருக்காங்க, நீங்களும் சொல்லாதீங்க."

ஜனவரியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். பெண்கள் அணிக்குப் பயிற்சியில் எதிராளியாக ஆட ஆண் மாணவர்களை வைத்துக்கொள்வார்கள். அதில் அவனும் ஒருவன். சம்பளம் கிடையாது, ஒரு சட்டையும் ஒரு ஜோடி ஷூவும் கொடுப்பார்கள். அந்தப் பதினொன்றாம் எண் தினமும் தன்னைத் தாண்டிப் பந்தைப் போடுகிறாள் என்று சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது.

பயிற்சியாளர் ஏதாவது சொன்னாரா, யாராவது பெண் விஷயமா, வலியை மறைக்கிறாயா என்று மெர்ல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"அப்புறம் ஏன்தான்?"

"ஒருநாள் காலையில எழுந்தேன். மைதானத்துக்குப் போகணும்னு தோணல. அடுத்த நாளும் தோணல. வேற ஒண்ணும் இல்ல மெர்ல், நானும் தேடிப் பார்த்துட்டேன்" என்றான். "ஒரு உதவி பண்ணுங்க. ரேடியோவுல என்னைப் பத்திப் பேசாதீங்க. நீங்க பேசுறதை அம்மா வாராவாரம் கேக்குறாங்க. கேட்டுட்டு அழறாங்க."

வீட்டுக்கு வந்ததும் மெர்ல், ஆட்ட அட்டவணையில் தேதியைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் மனைவி டார்லீனிடம் சொன்னார். "ரெண்டு அட்டவணையும் ஃப்ரிட்ஜுல ஒரே காந்தத்துலதான் தொங்குது, அஞ்சு வருஷமா. ஒண்ணைத்தான் நீ பார்ப்ப" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்கப் பனி கொட்டியது. லாரியில் உட்கார்ந்து சாலையைச் சுரண்டிக்கொண்டே மெர்ல் யோசித்தார். தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் வீசக்கூடிய கை. அந்தக் கைக்கு உரியவனுக்கு அது வேண்டாம். செத்துப்போன கூட்டம், அது ஐந்து வருஷமாக அதே அரங்கத்தில், வேறு நாட்களில், உயிரோடு நின்றிருக்கிறது. எங்கே பிடித்து எங்கே முடிச்சுப் போடுவது என்று புரியவில்லை. எல்லாவற்றையும்விட ஜோனியின் அழுகைதான் அவரைக் குடைந்தது. கோல்பியின் அம்மா ஜோனி நெடுஞ்சாலை முக்கில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருப்பவள். தினமும் காலையில் அவளிடம்தான் காபி வாங்குகிறார். அவள் ஒருநாளும் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

வியாழக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் மெர்ல் கூப்பிடவில்லை என்றால் மெர்லுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். ஐந்தரைக்குக் கூப்பிட்டார். பெண்கள் ஆட்டத்துக்குப் போனேன், ஒரு நாற்காலி காலியில்லை என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ரஸ் சிரித்தார். சரி, அது கிடக்கட்டும், முகாம் தொடங்கப்போகிறதே, நம் கோல்பி இந்த வருஷம் எதுவரை போவான் என்று கேட்டார்.

மெர்ல் வாயைத் திறந்தார். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக உள்ளே எதுவும் தயாராக இல்லை.

"கோல்பியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது ரஸ்" என்றார். "இத்தனை நாள் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

ரஸ் அவசரமாக விளம்பரத்துக்குப் போனார்.

மறுநாள் காலை சாலைத் துறை ஷெட்டில் ஒருவன் கோல்பியின் தோள் கிழிந்துவிட்டதாகச் சொன்னான். இன்னொருவன், இல்லை, மெர்லுக்கும் ரெய்னர்ட் குடும்பத்துக்கும் ஏதோ சண்டை என்றான். மத்தியானத்துக்குள் சண்டைக்குக் காரணமும் கிடைத்துவிட்டது, வேலி விஷயமாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு மைல் இருக்கிறது. மெர்ல் மறுத்தால் உண்மையைச் சொல்லவேண்டும். எனவே மறுக்காமல், பனியில் லாரிச் சக்கரத்துக்குக் கட்டும் சங்கிலிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போனார். ஜோனி நிம்மதியாகச் சிரிப்பாள், ஒருவேளை காபியைச் சும்மா கொடுப்பாள் என்றுகூட எதிர்பார்த்தார். அவள் கல்லாவை விட்டு வெளியே வந்து ரொட்டி அலமாரிக்குப் பின்னால் அவரை நிறுத்தினாள்.

"நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கோல்பியைச் சந்தித்ததையும் அவன் கேட்டுக்கொண்டதையும் மெர்ல் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "நீங்க அழறீங்கன்னு சொன்னான் ஜோனி."

"அழுதேன்தான். நிறுத்துங்கன்னு யார் சொன்னா?" அவள் குரல் தணிந்தது. "இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் அவன் இன்னும் ஆடிட்டு இருக்கிற மாதிரி பேசிட்டிருந்தீங்க. வாரத்துல அந்த அஞ்சு நிமிஷம், அதுக்காகத்தான் நான் ரேடியோவே போடுவேன். இப்ப அதுவும் முடிஞ்சுபோச்சு."

மன்னிப்புக் கேட்பதா, அப்படிக் கேட்டால் எதற்காகக் கேட்பது என்று மெர்லுக்குத் தெரியவில்லை. பேசியதற்கா, நிறுத்தியதற்கா? அலமாரியிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து நசுக்கிக்கொண்டு நின்றார்.

"அங்க அவன் என்னதான் பண்றான்?" என்று கேட்டாள்.

"பயிற்சியில அந்தப் பொண்ணுங்களுக்கு எதிரா ஆடுறான். ஆட்டம் நடக்கும்போது கைதட்டுறான்."

"சந்தோஷமா இருக்கானா?"

"இருக்கான்னுதான் நினைக்கிறேன். ஆனா என் நினைப்பை நம்பாதீங்க."

அவள் சற்று யோசித்துவிட்டு, அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டாள். அவள் இதுவரை அங்கே போனதில்லை. போனால் பேஸ்பால் முடிந்தது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு சீட்டும் பாக்கியில்லை. கடைசி நேரத்தில் திரும்பி வருகிற சீட்டுகளுக்காக மெர்ல் இரண்டரை மணி நேரம் குளிரில் நின்றார். மீசையில் பனி உறைந்தது. அதே தொப்பிக்காரப் பெண்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "போன தடவை தப்பா வந்தவர்தானே நீங்க?" என்று விசாரித்து, சூடான சாக்லேட் ஒரு குவளை கொடுத்தாள். ஆண்கள் ஆட்டத்தில் முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறவர்கூட அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை. கடைசியில் அவருக்கும் ஜோனிக்கும் பெஞ்சுக்கு எதிர்ப்புறம் இரண்டு இடம் கிடைத்தது.

ஜோனி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவள் கண் பெஞ்சுக்குப் பின்னால் இருந்தது. பதினொன்றாம் எண் ஒரு கூடை போட்டபோது பத்தாயிரம் பேர் எழுந்தார்கள். கோல்பி பக்கத்துப் பையனின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான்.

"இடது கையால அடிக்கிறான்" என்றாள் ஜோனி.

மெர்ல் அவளைப் பார்த்தார்.

"பத்து வயசுலேர்ந்து அந்தக் கையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருந்தான். அந்தக் கையால பால் டப்பா தூக்க மாட்டான். தூங்கும்போது அந்தப் பக்கம் படுக்க மாட்டான். நான்தான் அப்படிப் பழக்கினேன்."

"இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் மெர்ல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்தச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோல்பி அவர்களைப் பார்த்துவிட்டான். நாற்காலிகளைத் தாண்டி வந்தான். ஏன் சொல்லாமல் வந்தாய் என்று அவன் கேட்க, இந்தக் குளிரில் தொப்பியில்லாமல் ஏன் திரிகிறாய் என்று அவள் திட்ட, இரண்டு பேரும் அதற்கு மேல் பேசாமல் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாப்பிடப் போகலாம், நீங்களும் வாங்க என்று மெர்லைக் கூப்பிட்டார்கள். காலையில் பனி வாரவேண்டும் என்று சொல்லித் தவிர்த்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை கோல்பி விலகிவிட்டதைக் கிளப் அறிவித்தது. வியாழக்கிழமை மெர்ல் கூப்பிடவில்லை. ரஸ் டெட்டரே நிகழ்ச்சியின் நடுவில் அவரைக் கூப்பிட்டார். முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மெர்ல். ஏன் விட்டான்? மெர்ல் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஒருநாள் காலை, அடுத்த நாள் காலை, வேறு காரணம் இல்லை, கை நன்றாக இருக்கிறது, பையனும் நன்றாக இருக்கிறான். நாலு நிமிஷம் பேசியும் தன் காதுக்கே அது முடியாத வாக்கியமாகத்தான் கேட்டது.

"புரியல மெர்ல்" என்றார் ரஸ்.

"எனக்கும் புரியல. ஆனா நடந்தது அதுதான்."

தொடர்பைத் துண்டித்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்துப் பேசியவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். கோல்பியின் தோள் எலும்பு எங்கே தேய்ந்தது, எந்த மருத்துவர் என்ன சொல்லியிருப்பார் என்று துளிச் சந்தேகமில்லாமல் விளக்கிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று இருந்தது. டார்லீன், திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லேன் என்றாள். மெர்ல் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அந்த மனிதரிடம் எதை மாற்றிச் சொல்வது என்று யோசித்தபடி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் நிகழ்ச்சி முடிந்து, வானிலை அறிக்கை வந்துவிட்டது.