அரை பாட்டில் மண்ணெண்ணெய்

மழை பெய்தால் எந்த மண் வீங்கும், எவ்வளவு வீங்கும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. செங்கத்தில் ஒரு அரசு ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாதம் நெருங்கினால் எந்தக் களிமண்ணைவிடவும் நான் அதிகமாகச் சுருங்கிவிடுவேன்.

சோதனை சுலபமானது. காய்ந்த மண்ணைச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் உள்ள மண் வீங்கியிருக்கும், மண்ணெண்ணெயில் உள்ளது போட்டபடியே கிடக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, இந்த மண் தரையைத் தூக்குமா, சுவரைப் பிளக்குமா என்று சொல்லிவிடலாம்.

எங்களிடம் எல்லாம் இருந்தது, மண்ணெண்ணெய் மட்டும் இல்லை. ரேஷன் கடையில் நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அது எரிபொருள் ஆயிற்றே என்று ஜீப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஜீப் டீசலில் ஓடுகிறது என்று ஜீப் பிரிவு திருப்பி அனுப்பியது. அந்தக் கோப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருக்கிறது.

உதவிப் பொறியாளர் தனசேகரன்தான் வழி கண்டுபிடித்தார்.

"ரெண்டுலயும் தண்ணியே ஊத்துங்க மேடம். ரிப்போர்ட்டு தானே வேணும்?"

ஊற்றினேன். இரண்டு குழாயிலும் மண் ஒரே அளவுக்கு வீங்கி நின்றது. வித்தியாசம் பூஜ்யம். 'வீங்கும் தன்மை இல்லை' என்று எழுதி, கீதாஞ்சலி என்று அழகாகக் கையெழுத்தும் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, அது ஒப்பந்தம் முடிகிற மாதம்.

அப்படி இருக்கையில்தான் ஜவ்வாது மலையில் ஏரிக்கொல்லை என்ற ஊரின் பதினான்கு தொகுப்பு வீடுகள் என் மேசைக்கு வந்தன. வீடு கட்டத் தேர்வு செய்த இடம், தூர்ந்துபோன ஒரு பழைய ஏரியின் வயிறு. கோடையில் அங்கே விடுகிற வெடிப்பில் கோழிக்குஞ்சு விழுந்தால் கையை விட்டுத் தேடி எடுக்க வேண்டும். அதே மலையில் காவலூர் வானாய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு எட்டாத நட்சத்திரம் எதனால் ஆனது என்று சொல்கிறார்கள். காலுக்குக் கீழே நாலடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நான், பதின்மூன்று வீட்டு மண்ணுக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன்.

பதினாலாவது வீடு செல்லியுடையது. புளி விற்கச் செங்கம் சந்தைக்கு வந்தவள், "என் மண்ணு இங்கதான் இருக்குதாமே" என்று நேராக ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளோடு தார்ப்பாய் போட்ட குடிசையில் இருக்கிறாள். மழை பெய்தால் மூவரும் ஒரே மூலையில் குந்திக்கொள்வார்களாம். குழாய்களைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது இன்னாமா?"

"தண்ணி."

"பக்கத்துல கீறது?"

"அதுவும் தண்ணி."

"ரெண்டும் தண்ணின்னா எத எதோட ஒத்துப் பாப்ப?"

பட்டயப் படிப்பில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். அவளிடம் மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"போன வருசம் அந்தக் கொல்லையில மாட்டுக் கொட்டாய் போட்டோம். மழைக்கு சொவரு ரெண்டா வாய பொளந்துச்சி. என் பொண்ணுங்க படுக்கிற வூடும்மா இது. கிஷ்ணாயில் தானே? மாட்டு உண்ணிக்குன்னு அரை பாட்டில் வெச்சிகீறேன். எடுத்தாறேன்."

அடுத்த சந்தைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். என் வேலையில் முதன்முறையாகச் சோதனையை ஒழுங்காகச் செய்தேன். மண்ணெண்ணெயில் மண் பத்து கோட்டிலேயே நின்றது. தண்ணீரில் இருபத்திரண்டைத் தொட்டது. நூற்றிருபது சதவீத வீக்கம். முன்பு போட்ட பதின்மூன்று பூஜ்யங்களையும் எடுத்துப் பார்த்தேன். செல்லிக்கோ ஒரே சந்தோஷம். "தெரிஞ்சிபோச்சி இல்ல? இனிமே அதுக்குத் தக்கன கட்டுவாங்க" என்று சொல்லி, மாட்டுக்கு வேண்டும் என்று மண்ணெண்ணெயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

தனசேகரன் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டார். பட்டியலில் பதினாலாம் எண்ணை அடித்து, 'மண் தகுதியற்றது' என்று எழுதினார். மற்ற பதின்மூன்றையும் மறுபடி சோதிக்கலாமா என்று கேட்டேன். உங்கள் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று அவர் அன்பாக விசாரித்தார். செல்லியின் மனைக்குப் பக்கத்து மனை சந்திரனுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் பூஜ்யம், இந்தப் பக்கம் நூற்றிருபது. இப்படி ஒரு வேலியை உலகத்தில் வேறு யாரும் போட்டிருக்க முடியாது.

செல்லி வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"நெசத்த கேட்டதுக்கு வூடே பூட்ச்சா?"

நான் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பதின்மூன்று வீடுகள் எழும்பின. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. களிமண் எந்த ரிப்போர்ட்டையும் படிக்காமல் தன் போக்கில் வீங்கியது. தரை நடுவில் புடைத்தது, சுவர்களில் மூலைக்கு மூலை விரிசல் ஓடியது. சந்திரன் வீட்டுக் கதவு இறுகிக்கொண்டதில் குடும்பமே நாலு நாள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கியது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு படிவம் வந்தது. தனசேகரன் அதை என்னிடம் தள்ளிவிட்டார். 'அனுமதித்த வீடுகள்' என்ற இடத்தில் 14 என்று நிரப்பினேன், செல்லியின் பெயரை அடித்த கோப்பு இன்னும் மேலே போய்ச் சேரவில்லை. 'விரிசல் கண்டவை' 13. அடுத்த வரி 'விரிசல் இல்லாதவை'. கட்டாத வீட்டில் விரிசல் எங்கிருந்து வரும்? 1 என்று எழுதி, 'பயனாளி: செல்லி' என்றும் சேர்த்தேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தனசேகரன் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அந்த மண்ணிலும் விரிசல் விடாத வீட்டை மேலதிகாரி நேரில் பார்க்க விரும்புகிறார், தை மாதம் இருபதாம் தேதி வருகிறார்.

தனசேகரன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா, என் வேலைக்கு உலை வெச்சிட்டீங்களே" என்றார்.

"இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு சார். கட்டிடலாம். ஆனா விரிசல் விழக்கூடாது."

அவர் தன் வாழ்க்கையில் ஒரு மண் ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படித்தது அன்றைக்குத்தான். களிமண்ணை ஐந்தடிக்குத் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். மலைச் செம்மண் கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்தார்கள். அதன்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் போட்டு, மழைத் தண்ணீர் அடியில் இறங்காதபடி சுற்றிலும் தளம் போட்டார்கள். ஏரிக்கொல்லையில் அப்படி ஒரு வீடு அதற்கு முன் எழும்பியதில்லை. செல்லியின் பெண்கள் கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபதாம் தேதி அதிகாரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், விரல்களில் பெயின்ட் ஒட்டியது. மகிழ்ந்துபோய்ச் செல்லியிடமே கேட்டார்.

"எல்லா வீடும் வெடிச்சிருக்கு. உன் வீடு மட்டும் எப்படிம்மா நிக்குது?"

செல்லிக்குப் பொய் வராது.

"நானு அரை பாட்டில் கிஷ்ணாயில் குடுத்தேங்க. அதாலதாங்க இந்த வூடே வந்துச்சி."

அதிகாரி புருவத்தை உயர்த்தி நோட்டில் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். தனசேகரன் என் காலை மிதித்தார்.

மாசியில் சுற்றறிக்கை வந்தது. களிமண் பகுதிகளில் விரிசல் கண்ட வீடு ஒவ்வொன்றுக்கும், சுவரோரமாக அரை பாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சீர்செய்ய வேண்டும். நான் பல வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத மண்ணெண்ணெய் பதினோராவது நாளில் வந்து சேர்ந்தது. சரியாகப் பதின்மூன்று அரை பாட்டில்கள். ஆய்வகத்துக்கு ஒரு சொட்டுகூட ஒதுக்கவில்லை.

விநியோகத்துக்கு என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். சந்திரன் பாட்டிலை வாங்கிக்கொண்டு சுவரோரம் போனபோது, செல்லி வேலியைத் தாண்டி ஓடிவந்தாள்.

"ஏ சந்திரா, அத ஊத்தாத. இந்தம்மாகிட்ட குடு. உன் மண்ணையும் ஒழுங்கா பாத்து எழுதட்டும். எனக்குக் கட்டினாப்புல உனுக்கும் கட்டணும்னு கேக்கலாம்."

நானும் கையை நீட்டினேன். ஒரு பாட்டில் இருந்தால் போதும், அதையே வடித்து வடித்து ஊற்றிப் பதின்மூன்று வீட்டு மண்ணுக்கும் உண்மையை எழுதிவிடலாம்.

சந்திரன் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"வேணாம் மேடம். ஒழுங்கா பாத்ததுல மொதல்ல அவ வூட்ட அடிச்சாங்க இல்ல? அவளுக்கு எப்படியோ திரும்பி வந்துச்சி, எனக்கு வருமா? வெடிச்சாலும் இது என் பேர்ல கீற வூடு."

மூடியைத் திறந்து, சுவரோரமாக ஒரு சொட்டு விடாமல் ஊற்றினான்.