ஐம்பது பாகம் ஆழத்தில்

“மோதிட்டியாடி பவளப்பார்ல?” என்று படகின் முன்முனையிலிருந்து, அணியத்திலிருந்து கத்தினாள் வதீனா அண்ணி.

“நங்கூரம் போட்டு நிக்கிற படகு எங்க போய் மோதும் அண்ணி?”

“அப்ப என் வெத்தலைத் தட்டு ஏன் ஆடுது?”

தட்டு மட்டுமா ஆடியது. சட்டி, மண்ணெண்ணெய் டப்பா, கூரைமேல் காயப்போட்டிருந்த கடலட்டை எல்லாம் ஆடின. காற்று இல்லை. அலையும் இல்லை. எங்களுக்கு அடியில் ஒன்பது பாகம், அதாவது ஒன்பது ஆள் உயரம் தண்ணீர் இருந்தது. அப்படியிருந்தும் பவளப்பாரின் மேல் யாரோ எங்கள் படகை இழுத்துக்கொண்டு போவதுபோல அடிப்பலகை கரகரத்தது. சுற்றிலும் தண்ணீர் கொதிக்கிற கஞ்சி மாதிரி பொடிப்பொடியாகத் துள்ளியது. ஒரு ரீங்காரம் வேறு. காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது.

என் மகள் மிந்தாவுக்கு அப்போது நாலு வயது. தின்றுகொண்டிருந்த மரவள்ளித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, படகு அழுவுது” என்றாள்.

எனக்கும் அண்ணிக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஆடுவது படகு இல்லை, நிலம்.

கரையைப் பார்த்தேன். தாபுனான் ஊருக்குப் பின்னால் நின்ற சுண்ணாம்புக் குன்றின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து இறங்கியது. சரிந்து முடிந்த பிறகுதான் சத்தம் எங்களிடம் வந்தது. வெள்ளைப் புழுதி எழுந்து வீடுகளை மூடியது, பள்ளிவாசலை மூடியது, தோணித்துறையையும் மூடியது. அந்தப் புழுதிக்குள்தான் எங்கேயோ என் புருஷன் லசூதி இருந்தார். குடிதண்ணீர் எடுத்துவரக் காலையில் சின்னத் தோணியில் போனவர்.

இதற்கென்று நாங்கள் ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தோம். இருபது முழப் படகுதான் எங்களுக்கு வீடு. தொமினி வளைகுடாவில் நிலம் ஆடாத வருஷம் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் சொன்னார்: “ஆடினா, கரையில இருக்கறவங்க மேட்டுக்கு ஓடணும். படகுல இருக்கறவங்க ஆழத்துக்கு ஓடணும். ஒருத்தரை ஒருத்தர் தேடக் கூடாது. தேடினா ரெண்டு பேரும் போவோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சிரித்துக்கொண்டேதான் சத்தியம் செய்தோம்.

கத்தியை எடுத்து நங்கூரக் கயிற்றில் வைத்தேன். அண்ணி தாவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் லசூதியின் அக்கா. புருஷனை இழந்தபின் எங்களோடுதான் இருந்தாள்.

“தம்பி வரட்டும்டி!”

“வரமாட்டார். மேட்டுக்குப் போவார்.”

“போகலைன்னா? தோணியில ஏறி நம்மளத் தேடி வந்தான்னா?”

“வரக் கூடாதுன்னு பேச்சு.”

“பேச்சாம் பேச்சு! என் தம்பி உனக்கு என்னடி கொறை வெச்சான், இப்படி வெட்டிட்டுப் போறே?”

“அண்ணி, எஞ்சின் கயித்தை இழுங்க. திட்டிக்கிட்டே இழுங்க.”

அவள் திட்டிக்கொண்டே இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

பாருக்கு நடுவே வெளியேறுகிற வாய் ஒன்று உண்டு. இரண்டு படகு அகலம் இருக்கும். நாங்கள் அதை நெருங்கும்போதே தண்ணீர் எங்களை முந்திக்கொண்டு வெளியே ஓடியது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற பவளமெல்லாம் இருபுறமும் ஈறு தெரிகிற பல் மாதிரி எழுந்து நின்றன. அவற்றின் இடையே நண்டுகள் நகராமல் நின்றன. மிந்தா நண்டைக் காட்டினாள். நான் சுக்கானை மட்டும் பார்த்தேன்.

வாயைத் தாண்டியதும் தண்ணீர் பச்சையிலிருந்து நீலமானது, நீலத்திலிருந்து கறுப்பானது. ஐம்பது பாகத்துக்கு மேல் ஆழம். எஞ்சினை நிறுத்தினேன். டீசல் கொஞ்சம்தான் இருந்தது. வருவது எதுவானாலும் காதில் விழ வேண்டும் என்றும் நினைத்தேன்.

முதல் அலை வந்தபோது அது அலை என்றே தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயோடு தூக்கி வேறு இடத்தில் கிடத்துவார்களே, அப்படி எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைப்பக்கம் போனது.

அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, “இவ்வளவுதானா?” என்றாள். “இதுக்கா நங்கூரத்தை வெட்டினே? புத்தம்புது நங்கூரம்.”

“இருங்க அண்ணி.”

“என்னத்தை இருக்கறது? உச்சி வெயில் மண்டையப் பொளக்குது.”

வெயில் இருந்ததே தவிர, வேறு எதுவும் சரியாக இல்லை. ஒரு பறவை இல்லை. கரை இருந்த இடத்தில் வெள்ளைப் புழுதி சுவர் மாதிரி நின்றது. அடியாழத்திலிருந்து மீன்கள் வயிறு உப்பி மேலே வந்தன. அப்படிப்பட்ட மீனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கண் மட்டும் கிண்ணம் அளவு, உடம்பு நாடா மாதிரி. தண்ணீர் படகின் பக்கத்தில் அடித்தது, ஆனால் சளக்கென்ற சத்தம் வரவில்லை.

அப்போதுதான் குரல் கேட்டது.

“மனிரா!”

லசூதியின் குரல். புழுதிச் சுவரின் பக்கமிருந்து வந்தது.

அண்ணி துள்ளி எழுந்தாள். “தம்பி! தம்பிதான்டி! எஞ்சினைப் போடு!”

நான் அசையவில்லை. மனிரா என்பது என் பெயர். படகிலேயே வாழ்கிற எங்கள் ஆட்களில் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தண்ணீர்மேல் இருக்கும்போது கூப்பிடவே மாட்டான். பெயர் தண்ணீரில் விழுந்தால் தண்ணீர் அதைப் படித்துக்கொண்டு தானே கூப்பிடும் என்பார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். முதலில் நான் ‘இந்தா’, பிறகு ‘மிந்தாம்மா’. என் பெயர் அந்த மனிதர் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

“மனிரா! திரும்பி வா! எல்லாம் முடிஞ்சு போச்சு!”

“கேக்குதுல்ல? திரும்பச் சொல்றான்டி!”

“குரல் அவரோடதுதான் அண்ணி. ஆனா அந்தப் பேரு அவர் வாயில வராது.”

“உசுருக்குத் தவிக்கறவனுக்குப் பேரு என்ன, முறை என்ன? தோணி கவுந்து கெடக்கானோ என்னவோ!”

“அவர் மேட்டுல இருப்பார்.”

“மேட்டுல இருந்தா இங்க எப்படிடி குரல் கேக்கும்? பள்ளிவாசல்ல ஒலிபெருக்கி வெச்சு பாங்கு சொன்னாலே இங்க எட்டாது. பக்கத்துலதான் எங்கியோ தண்ணியில கெடக்கான்!”

அவள் சொன்னது நியாயம்தான். அது அவரென்றால் என் புருஷனை நான் சாகவிடுகிறேன். அது அவரில்லை என்றால், பதில் சொன்ன நிமிஷத்தில் குழந்தையையும் சேர்த்துத் தண்ணீருக்குத் தூக்கிக் கொடுக்கிறேன். இரண்டில் எது என்று கேட்க அந்தக் கடலில் ஆளில்லை.

“மனிரா! வந்துரு!”

அண்ணி வாயைத் திறந்து “தம்...” என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. நான் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, படகின் நடுவில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கிட்டத்தில். திரும்பி வா என்றெல்லாம் இல்லை. பெயர் மட்டும். அதுவும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, மெதுவாக.

“ம... னி... ரா.”

அண்ணி என் கையில் பதிந்திருந்த பல்லை எடுத்தாள்.

அதன் பிறகு இன்னொரு தடவை. அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. மிந்தாதான் கண்டுபிடித்தாள். அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, “அப்பா கீழ இருக்காரும்மா” என்றாள்.

அண்ணி பிள்ளையை வாரி எடுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். எட்டி எஞ்சின் கயிற்றை அவளே இழுத்தாள்.

ஆழக்கடல் பக்கம் அடிவானம் மேடாகியிருந்தது.

அணியத்தை அதற்கு நேராகத் திருப்பினேன். ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். கூரைமேல் இருந்த கடலட்டையெல்லாம் உருண்டு எங்கள் முதுகில் விழுந்தது. உச்சியில் ஒரு கணம் எஞ்சின் வெறும் காற்றில் அலறியது. இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அலையின் முகத்தைப் பார்த்தவர்கள் கரையில் இருந்தார்கள். நான் பார்த்தது அதன் முதுகை. வழவழவென்று, அவசரமே இல்லாமல், பாரின் வாயை நோக்கி, நாங்கள் திரும்பியிருந்தால் நின்றிருக்கக்கூடிய அந்த இடத்தை நோக்கிப் போனது. புழுதிச் சுவர் ஒருமுறை திறந்து மூடியது. வெகுநேரம் கழித்துச் சத்தம் வந்தது.

பிறகு மாலைவரை வந்த அலைகள் சின்னவை. எண்ணெயும் மரமும் மிதந்து வந்தன. பூட்டு தொங்கிய கதவு ஒன்று வந்தது. அதன்மேல் ஒரு பூனை நனையாமல் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் அது கத்தவில்லை. அண்ணி ஒவ்வொரு கட்டையையும் உற்றுப் பார்த்தாள். ஒரு சட்டை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையைத் துணி கிழித்துக் கட்டிவிட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் உடைந்த தோணி ஒன்று எங்களை நோக்கி வந்தது. துடுப்புக்குப் பதில் ஒரு ஜன்னல் பலகை. உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி அப்பிய ஒரு ஆள்.

“யாரு?” என்றாள் அண்ணி. “யாருன்னு சொல்லு மொதல்ல!”

“என்னக்கா, தம்பியத் தெரியலியா? மிந்தாம்மா, கயித்தைப் போடு. கை விட்டுப்போச்சு.”

கயிற்றைப் போட்டேன். ஏறியதும் அண்ணி அவர் முதுகில் நாலு அடி அடித்துவிட்டு அழுதாள். “குடிதண்ணி எடுக்கப் போன மூஞ்சியப் பாரு! ஒரு குடம் தண்ணி கொண்டாந்தியாடா?” மிந்தா அவர் கால்களைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டும் இருக்கிறதா என்பதுபோல.

குடிக்கக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார்.

“பள்ளிவாசல் மேட்டுல ஏறிட்டேன். மொத அலை முழங்கால் அளவுதான் வந்துச்சு. அவ்வளவுதான்னு சொல்லி ஜனமெல்லாம் எறங்கி சேத்துல மீன் பொறுக்கப் போயிட்டுது. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. புழுதி கொஞ்சம் விலகினப்ப மேலேர்ந்து பார்த்தா நீங்க எள்ளு மாதிரி தெரிஞ்சீங்க. இன்னும் தூரம் போயிடுவீங்களோன்னு பயம். புத்தி கெட்டுப்போய், திரும்பி வான்னு கூப்பிட்டேன்.”

“பேர் சொல்லியா?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். “மேட்டுல ஆளாளுக்கு அவங்கவங்க பொண்டாட்டிய, அவன் அம்மா, இவ அம்மான்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. உன் பேரைச் சொன்னாத்தான் உனக்குக் கேக்கும்னு... வாயில வந்துருச்சு. அந்தத் தூரத்துக்குக் கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன்.”

“கேட்டுச்சு.”

“சும்மா சொல்லாதே.”

“‘எல்லாம் முடிஞ்சு போச்சு’ன்னு கூப்பிட்டீங்க. நான்தான் உங்களை வேற ஏதோன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். அஞ்சு தடவையும்.”

குவளை அவர் வாயருகில் நின்றது. “எத்தனை?”

“அஞ்சு.”

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“நான் மூணு தடவைதான் கூப்பிட்டேன்” என்றார் லசூதி. “மூணாவது கூப்பிடும்போதே தூரத்துல கோடு தெரிஞ்சுது. ரெண்டு கையாலயும் என் வாயைப் பொத்திக்கிட்டேன்.”

அடியில் தண்ணீர் அசைந்தது. வெறும் தண்ணீர்தான். நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டோம்.

“எஞ்சினைப் போடு தம்பி” என்றாள் அண்ணி மெல்ல. “இங்க நிக்க வேணாம்.”

“எங்க போறது? கரையில ஒண்ணும் மிச்சமில்லக்கா.”

“எங்கியாச்சும். பேசாம போ.”

அவர் என் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டு, என் தோளைத் தொட்டு, எஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுந்து போய்க் கயிற்றை இழுத்தேன்.