வளைவு தாண்டும்வரை சிவப்பு

…தண்ணீரைக் குறைக்கணுமாம், எரிகிற இரும்புக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிற இன்ஜினியர் பெண்ணை இந்த வயதில்தான் பார்க்கிறேன், சரி, சொன்னபடி குறைத்துவிட்டு வால்வுச் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஆனால் நம்பி நிற்கவில்லை, நிற்பது வேறு, நம்புவது வேறு. மேலே மேடையில் உருக்கிய இரும்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்கள், கொட்டகைத் தகரமெல்லாம் ஆரஞ்சு அடிக்கிறது, தொட்டியின் அடியிலிருந்து அது செம்பு அச்சுக்குள் இறங்குகிறது, முறுக்கு அச்சில் மாவு இறங்குகிற மாதிரிதான், ஆனால் இது முறியக்கூடாது, ஒரே சதுரக் கட்டையாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், மேலிருந்து வந்து, என் வால்வுத் தண்ணீரில் நனைந்தபடி என் முன்னால் வளைந்து, அந்தப் பக்கம் உருளைகளுக்குள் நுழைந்து நிமிர்ந்து படுக்க வேண்டும், அப்புறம் கேஸ் வைத்து அறுப்பார்கள். வெளியே தோல், உள்ளே கஞ்சி. அந்தத் தோலை நம்பித்தான் இத்தனை பேர் இங்கே நிற்கிறோம்… தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது யார்மேல் கொட்டும்? வால்வுக்காரன்மேல். வால்வுக்காரன் யார்? பாவாடை என்கிற நான்தான். மேடைமேல் நிற்கிற ஃபோர்மேன் வெங்கடேஷ்மேல் கொட்டாது, கண்ணாடி ரூமுக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளிமேல் சத்தியமாகக் கொட்டாது.

மைன்ஸில் காண்டிராக்ட் ஆளாக இருந்த காலமெல்லாம் எனக்கு ஒரே பாடம்தான், சிவப்பைப் பார்த்தால் தண்ணீர். பழுப்பு நிலக்கரி ஒரு மாதிரியான சரக்கு, யாரும் பற்றவைக்க வேண்டாம், குவித்துப் போட்டால் தானே உள்ளுக்குள் புகைந்து புகைந்து ஒரு நாள் கண்ணைத் திறக்கும், அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு ஓடுவோம், யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக ஓடும், கை தானாகத் திருகும். இந்தக் கொட்டகையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், வெங்கடேஷும் அங்கே ஓஸ் பிடித்தவன்தான், அவனுக்கும் எனக்கும் சிவப்பு என்றால் ஆபத்து, ஆறினால் நல்லது, இதில் படிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆறினால் கெட்டிப்படும், கெட்டிப்பட்டால் வலு. கூழ்கூட அப்படித்தான். இத்தனை நாள் சாதா இரும்புதான் இங்கே ஊற்றினோம், கட்டடக் கம்பிக்குப் போகிற இரும்பு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் ஒன்றும் சொல்லாது, மாடு மாதிரி வாங்கிக்கொண்டு போகும். இப்போதுதான் இந்த மசாலா இரும்பு. நாங்கள் வைத்த பேர் அது, மாங்கனீசு, குரோமியம், இன்னும் என்னென்னவோ பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் போடுகிறார்கள், மைன்ஸில் மண்ணை வெட்டி வாருகிற பெரிய சக்கர மெஷினின் பக்கெட்டுக்குப் பல் அடிக்க இந்தக் கட்டைதான் வேண்டுமாம். அந்தப் பல்லை எனக்குத் தெரியும், மணல்பாறையைக் கடித்துக் கடித்து மொண்ணையாகிப் போன பல்லைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றியே என் தோள்பட்டை போனது… நல்ல பல் வந்தால் எவனோ ஒருத்தன் தோள் பிழைக்கும், அது சரி. ஆனால் மசாலா இரும்பு திமிர் பிடித்தது. முதல் தடவை ஊற்றினோம், அறுக்கும்போதே மூலையெல்லாம் கீறல், நண்டுக்கால் மாதிரி குறுக்கும் மறுக்கும். இரண்டாவது தடவையும் அதே நண்டுக்கால். வெங்கடேஷ் முதலாளியிடம் போய், எல்லாம் அந்தப் பொண்ணு போடுற கணக்குலதாங்க கோளாறு, தண்ணி பத்தாமதான் வெடிக்குது என்று சொல்லிவிட்டான், முதலாளி எல்லார் எதிரிலும், இன்னைக்கி ஒரு தடவைம்மா, இன்னைக்கும் வெடிச்சா நான் பழையபடி கம்பிக்கே போயிடுறேன், நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க என்றார். அந்தப் பெண் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று தோன்றியது, கீழே அவள் ஷூவைத்தான் பார்த்தேன், ஷூ நகரவில்லை.

நந்தினி. மைன்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை, அப்பன் அங்கே பர்மனெண்ட், இந்த இரும்பு வேலைக்கென்றே படித்துவிட்டு வந்தவள். பர்மனெண்ட் வீட்டுப் பிள்ளை என்றாலே எனக்கு ஒரு இது… என்ன இது? சொல்லத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், எங்கள் தெருவில் லாரி வரும், அந்த இதுதான். மேஸ்திரி ஒருத்தன், சேந்துக்கய்யா, நாளைக்கே பர்மனெண்ட் ஆக்கிடுவானுங்க என்று சொல்லி என்னை மைன்ஸுக்குக் கூட்டிப் போனான், அந்த நாளைக்கு வரவே இல்லை, அதிலிருந்து எவன் எதைச் சொன்னாலும் முதலில் அவன் வாயைப் பார்ப்பேன், பிறகு அவன் நிற்கிற இடத்தைப் பார்ப்பேன். ஒனக்கு ஒன் சட்டப் பாக்கெட்டு மேலயே நம்பிக்க கெடையாது, தடவித் தடவிப் பாக்குற என்பாள் வீராயி, என் பெண்டாட்டி, சொன்னால் சொல்லட்டும். காலையில் டீ குடிக்கும்போது இந்த நந்தினி என்னிடம் வந்து உட்கார்ந்தாள், ஃபோர்மேனிடம் போகவில்லை, என்னிடம். ஐயா, இந்த இரும்பு மத்ததப் போல டக்குன்னு உறையாது, ரொம்ப நேரம் கஞ்சியாவே இருக்கும், தோல் மெல்லிசு, மெதுவா இறக்குனாத்தான் தோல் தடிக்கும் என்றாள். சரி, அப்ப தண்ணிய ஏத்துனா இன்னும் சீக்கிரமா தடிக்குமே என்றேன். தடிக்கும்ங்க, ஆனா மூலை ரொம்ப ஆறிடும், மூலைக்கு ரெண்டு பக்கமும் தண்ணி படுதுல்ல, நல்ல சூட்டுல இது வளையும், ஒடையாது, நல்லா ஆறிட்டாலும் தாங்கும், நடுவுல ஒரு சூடு இருக்கு, செவப்பும் இல்ல கருப்பும் இல்ல, அந்தச் சூட்டுல மட்டும் இதுக்கு வளைஞ்சு கொடுக்குற தன்மையே கெடையாது, அந்தச் சூட்டுல கொண்டுபோய் உருளையில நிமித்துனா மூலை கிழிஞ்சிடும் என்றாள். அதனால வளைவு தாண்டுற வரைக்கும் செவப்பாவே வுட்டுடணும்ங்க. எரிகிறபோது வளையுமாம், ஆறினபிறகு தாங்குமாம், நடுவில்தான் கிழியுமாம்… இது எந்த ஊர் நியாயம்? ஆனால் இது பொய்யாக இருந்தால் இவ்வளவு சிக்கலாகச் சொல்லியிருக்க மாட்டாளே, பொய் சொல்கிறவன் சுலபமாகச் சொல்வான், மேஸ்திரி சுலபமாகச் சொன்னான். அந்த நடுச் சூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன், உள்ளாளும் இல்லை வெளியாளும் இல்லை என்று கேட் பாஸ் வைத்துக்கொண்டு மைன்ஸுக்குப் போய் வந்த காலம் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது, சீ, இரும்புக்கும் அதற்கும் என்ன.

இதோ இறங்கிவிட்டது, கட்டை தெரிகிறது, அம்மாடி, இவ்வளவு சிவப்பாக நான் பார்த்ததே இல்லை, வழக்கமாக இந்த இடத்துக்கு வரும்போது தோல் கருத்துப்போய் ஆவி பறக்கும், இப்போது ஆவியே கொஞ்சம்தான், உள்ளே விளக்கு வைத்த மாதிரி வருகிறது, மெதுவாக, ரொம்ப மெதுவாக, உயிருள்ளது மாதிரி… அழகுதான், பொய் சொல்லக் கூடாது, இந்தக் கட்டையின் நான்கு மூலையும் கோடு போட்ட மாதிரி, கருப்பே இல்லாமல், முழுச் சிவப்பாக. அது சரி, பக்கம் வீங்குகிறதா? வயிறு தள்ளுகிற மாதிரி இருக்கிறதே… தள்ளுகிறதா, இல்லை என் கண்தான் ஏமாற்றுகிறதா? வீங்குனா ஒடனே கூப்பிடுங்க என்று காலையில் சொன்னாள், வீங்குவதற்கும் கிழிவதற்கும் நடுவில் கூப்பிட நேரம் இருக்கிறதா என்று சொல்லவில்லையே. மேலிருந்து வெங்கடேஷ் கத்துகிறான், யோவ் பாவாட, கண்ணு அவிஞ்சி போச்சா, செவசெவன்னு எறங்குதுய்யா, தண்ணிய வுடு! கேஸ் அறுக்கிற கருப்பசாமியும் அந்தப் பக்கத்திலிருந்து, வுடு மாமா, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற, நாம பொழைக்கணும்! கண்ணாடி ரூமில் முதலாளி எழுந்து நிற்கிறார், கையை ஆட்டுகிறார், திற என்கிறாரா மூடு என்கிறாரா, யாருக்குத் தெரியும். என் கை… சக்கரம் குளிர்ச்சியாக இருக்கிறது, ஒரு திருகு போதும், ஒரே ஒரு திருகு, சிவப்பு போய்விடும், எல்லார் வாயும் மூடும், என் உயிரும் என்னிடம் இருக்கும். வெடித்தால் வெடித்துவிட்டுப் போகட்டும், ஃபோர்மேன் சொன்னான் திறந்தேன், முடிந்தது கதை, அவள் வேலைதானே போகும், என் வேலையா? குவார்ட்டர்ஸ் பிள்ளை, வேறு வேலை கிடைக்காதா? கை கனக்கிறது, விரல் மடங்குகிறது, இத்தனை வருஷம் சிவப்பைக் கண்டு திருகின விரல்… அப்போது அவள் வந்தாள். படியில் தடதடவென்று இறங்கி, சூடு பார்க்கிற துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடி வந்து எனக்கும் கட்டைக்கும் நடுவில் நின்றுவிட்டாள். நடுவில். எந்த இடம் தெரியுமா, தோல் கிழிந்தால் முதலில் அவள்மேல்தான், பிறகுதான் நான். ஐயா, தொடாதீங்க, நல்ல சூட்டுலதான் போவுது, இன்னும் கொஞ்சம், வளைவு தாண்டட்டும் என்றாள், கத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, துப்பாக்கியை மூலைக்கு நேராகப் பிடித்தபடி. ஆபீசர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், தீப்பிடித்த இடத்தைத் தூரத்தில் நின்று விரல் நீட்டிக் காட்டுகிறவர்கள், ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைக்காதவர்கள். இது என்ன பிள்ளை, யார் பெற்ற பிள்ளை இது? விரல் விட்டுவிட்டது. நான் விடவில்லை, அதுவாக விட்டது. வெங்கடேஷ் மேலே என்னென்னவோ சொன்னான், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவனுக்குப் பதில் சொன்னேன், வாய மூட்றா, அதான் மேடம்மா நிக்கிதில்ல!

போனது. வளைந்து, உருளைக்குள் சிவப்பாகவே நுழைந்து, கொஞ்சம்கூட முரண்டு பண்ணாமல் நிமிர்ந்து படுத்தது, அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லக் கருத்தது, தூக்கம் வருகிற மாதிரி. கருப்பசாமி அறுத்தான், முதல் துண்டை ஓரமாகத் தள்ளினார்கள், கிரைண்டர் வைத்து மூலையைத் தேய்த்தார்கள், முதலாளி கண்ணாடி ரூமை விட்டு வெளியே வந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார், எல்லாரும் குனிந்தோம். நண்டுக்கால் இல்லை. ஒரு மயிர்க்கோடுகூட இல்லை. அடுத்த மூலை, அதிலும் இல்லை. வெங்கடேஷ் தானே கிரைண்டரை வாங்கி இன்னும் ஆழமாகத் தேய்த்துப் பார்த்தான், கீறல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேய்த்தானோ என்னவோ, வெள்ளையாகப் பளபளத்தது, அவ்வளவுதான். முதலாளி, சரி, அடுத்த தடவையும் இதே மாதிரி வுடுங்க என்றுவிட்டு உள்ளே போனார், சபாஷ் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்து போகுமா. அவளோ அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், பெற்ற குழந்தைக்கு விரல் எண்ணுகிறவள் மாதிரி. நான் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், யாருக்கும் கொடுக்கிற பழக்கம் இல்லை, கொடுத்தேன். மேடம்மா, பயமா இல்லியா, அங்க வந்து நின்னீங்களே என்றேன். பயம்தாங்க ஐயா, துப்பாக்கிய ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேனே, பாக்கலியா என்றாள். தோல் கிழியாதுன்னு அவ்ளோ நம்பிக்கையா? நம்பிக்கையெல்லாம் இல்லீங்க, கணக்குதான், கணக்கு தப்பாவும் போகும். அப்பறம் எதுக்கு அங்க வந்து நின்னீங்க? பாட்டிலைக் கீழே இறக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தாள். நீங்க தொறந்துடுவீங்களோன்னுதாங்க ஐயா.

முகத்தில் சுருக்கென்றது, அந்தக் கட்டை பக்கத்தில் நின்றபோதுகூட அப்படிச் சுடவில்லை. என்னையா, என்னை நம்பவில்லையா, சொன்னபடி குறைத்துவிட்டு நின்றவனை… பிறகு பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கருப்பசாமி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன், அடி கெட்டிக்காரி, நான் ஊரையே பார்க்கிற பார்வையை அல்லவா நீ என்மேல் பார்த்திருக்கிறாய், இரும்பின் சூட்டை அளந்தாய், என் விரலையும் அளந்துவிட்டாய், நானாக இருந்தாலும் இந்தக் கிழவனை நம்பியிருக்க மாட்டேன், ஓடிவந்து நடுவில்தான் நின்றிருப்பேன். இல்லை, நின்றிருக்க மாட்டேன்… அங்கே நின்றிருக்க மாட்டேன். அவள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள், பாதிப் படியில் நின்று, ஐயா, இந்தத் தடவ நான் மேல அச்சுகிட்ட நிக்கணும், அங்கதான் இப்ப வேலை, கீழ நீங்க பாத்துக்கங்க என்றாள், போய்விட்டாள். பார்த்துக்கொள் என்றால் நம்புகிறேன் என்று அர்த்தமா, வேறு ஆள் இல்லை என்று அர்த்தமா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மேலே தொட்டியில் இரும்பைக் கவிழ்க்கிறார்கள், தகரம் மறுபடி ஆரஞ்சாகிறது. அவள் வராமல் இருந்திருந்தால் திருகியிருப்பேனா… விரல் மடங்கியது உண்மை, அது எதுவரைக்கும் மடங்கியிருக்கும்? இதோ முதல் சிவப்பு கண்ணில் படுகிறது. கையை மார்போடு கட்டிக்கொண்டேன், கட்டிக்கொண்டு நின்றால் அவசரத்துக்கு ஆகாதே என்று அவிழ்த்தேன், அவிழ்த்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்…