இன்னொண்ணு இருக்குல்ல

தெருவில் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம், போன வருஷம் எத்தனை இருந்தது, யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் ஆல்டரேஷன் கடையில் அவள் தையல்காரி. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே, "அரை இஞ்ச் பிரிச்சு விட்டா சரியாயிடும்" என்பாள். தெருவும் அரையிஞ்ச் என்றே பெயர் வைத்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் தன் வயிற்றில் கோட்டை விட்டாள்.

மூன்று மாதமாக அவள் பாவாடையின் முன்விளிம்பு இடது பக்கம் ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. வேறொருத்தி அப்படி வந்து நின்றிருந்தால், "என்னக்கா ஒரு பக்கமா உப்பியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள். தனக்கு வந்ததும் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். இடது பக்க மடிப்பைப் பிரித்து இறக்கினாள். இடுப்பில் தையலைத் தளர்த்தினாள். கண்ணாடியில் பாவாடை நேராக விழுந்தது. அத்தோடு அந்த மாதம் தீர்ந்தது. அடுத்த மாதம் மறுபடி பிரித்தாள்.

என்னவென்று தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தாள். பத்தொன்பது வயதில் வலது பக்கச் சினைப்பையில் கட்டி வளர்ந்து, அது காம்போடு முறுக்கிக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போன அன்று கட்டியையும் சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் அந்தத் தழும்பைப் பற்றி அவள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: அப்பெண்டிக்ஸ். அவளும் தலையாட்டினாள். கல்யாணமாகி நாலு வருஷம். லிப்ட் மெக்கானிக்கான புருஷனும் அதையே நம்பிக்கொண்டிருந்தான். குழந்தை இல்லை. இப்போது டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே பழைய ஆபரேஷனைப் பற்றித்தான் இருக்கும். பக்கத்தில் நாத்தனார் நிற்பாள்.

நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் கேமரா. எதிர்வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்தே அந்த வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுகிறவள். தம்பி வீட்டில் மாத்திரை அட்டை ஒன்று கிடந்தால் விடுவாளா?

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். சீருடைக் கால்சட்டை ஒன்றுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தவள் மெஷின் மேலேயே கவிழ்ந்தாள். இடது அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவதுபோல் வலி வந்தது, விட்டது, முன்னைவிட மோசமாக வந்தது. கத்தரித்த துண்டுகள் போடும் டப்பாவிலேயே வாந்தி எடுத்தாள்.

"என்னடி, விசேஷமா?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே வந்த கடைக்காரம்மா முகத்தைப் பார்த்ததும், "ஐயையோ, இது வேற!" என்று ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் எப்படி அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றாள் என்பதை அந்தக் கேமராவைத்தான் கேட்க வேண்டும். புருஷன் கையில் கிரீஸோடு பின்னாலேயே ஓடிவந்தான்.

ஸ்கேன் எடுத்த பெண் கருவியை இப்படியும் அப்படியும் அழுத்தினாள். "இடது பக்கம் பெரிய கட்டி. வலது சினைப்பை சிக்கவே மாட்டேங்குது. கேஸ் மறைக்குது போல."

"கேஸ்தான்மா, காலையில ஒண்ணும் சாப்பிட மாட்டா," என்றாள் நாத்தனார், கேட்காமலே.

கட்டிலில் கிடந்தவள் கூரையைப் பார்த்தாள். கேஸ் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மா ஒரு காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கம் வரைந்து காட்டினார். "பெண்களுக்கு நீர்க்கட்டி வர்றது சகஜம். மாசாமாசம் முட்டை வெளிவர்றப்ப சின்னதா நீர் கோத்துக்கும், பெரும்பாலும் தானாவே வத்திடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அவ்வளவுதான். இது அந்த ரகம் இல்ல. ஒன்பது சென்டிமீட்டர் இருக்கு, உள்ள கெட்டியாவும் இருக்கு. கனம் தாங்காம சினைப்பையோட சுத்திக்கிச்சு. ரத்தம் போகல, அதான் இந்த வலி. முன்னாடியே வந்திருந்தா நிதானமா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்."

"இப்ப?" என்றான் புருஷன்.

"துளை போட்டுத்தான் செய்வோம். முறுக்கைப் பிரிச்சுப் பார்ப்போம். சினைப்பை கறுத்துப்போயிருந்தா அதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம். பயப்படாதீங்க, இன்னொண்ணு இருக்குல்ல. அது ஒண்ணு போதும் குழந்தைக்கு." கையெழுத்துக்குத் தாளை நீட்டியவர் கேட்டார்: "இந்தத் தழும்பு?"

"அப்பெண்டிக்ஸ்," என்றாள் நாத்தனார். "சின்ன வயசுல பண்ணது."

புருஷனும் ஆமாம் என்று தலையசைத்தான். டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

வலி அந்த நேரம் பார்த்து ஒரு சுற்று விட்டுக் கொடுத்தது. அந்த இடைவெளியில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டில் மானம் தப்பும். உள்ளே போனதும், இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் இருப்பதையும் எடுத்துவிடுவார்கள்.

"எழுதாதீங்க," என்றாள்.

பேனா நின்றது.

"அது அப்பெண்டிக்ஸ் இல்ல. வலது பக்கத்தை அப்பவே எடுத்துட்டாங்க. இதே மாதிரி முறுக்கிக்கிச்சு." புருஷன் பக்கம் திரும்பாமல் டாக்டரம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு இன்னொண்ணு இல்ல டாக்டர். இது ஒண்ணுதான்."

நாத்தனாரின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றதைத் தெருவில் ஒருவரும் அதுவரை பார்த்ததில்லை. "அடிப்பாவி! நாலு வருஷமா..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, வெளிய இருங்க," என்றார் டாக்டரம்மா. எழுதிய வரியை அடித்தார். "நல்லவேளை சொன்னீங்க. கறுத்திருந்தாலும் எடுக்க மாட்டோம். பிரிச்சு விட்டு, கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துட்டுக் காத்திருப்போம். ரத்தம் திரும்பினா பிழைச்சுக்கும். சத்தியம் பண்ணித் தர முடியாது. சரியா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். படுத்தபடியே போட்டதில் எழுத்து வரிக்கு வெளியே இறங்கிப்போயிற்று. அடுத்த வரியில் புருஷன் போட்டான். அவனுடைய கிரீஸ் விரல் தாளில் பதிந்தது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து சொன்னது இவ்வளவுதான்: கட்டி முழுசாக வந்துவிட்டது, பார்வைக்குக் கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, சோதனைக்கு அனுப்பியிருக்கிறது. சினைப்பை ஊதா நிறத்தில் இருந்தது, பிரித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு ஓரம் லேசாகச் சிவந்தது. ஆறு வாரம் கழித்து ஸ்கேன். மாதவிலக்கு தானாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"வந்தா?" என்றாள்.

"வந்தா நல்ல சேதி."

நாத்தனார் வரவில்லை. பிளாஸ்கில் கஞ்சி மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். சர்க்கரை போட்டதா, உப்புப் போட்டதா என்று இவள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கிரீஸ் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்ச?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "தெரியலங்க."

அவன் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தான். "எனக்கும் தெரியல," என்றான்.

நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்து, "படுத்தே கெடந்தா எப்படி? எந்திரிச்சு நாலு அடி நடங்க," என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்து இறங்கினாள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. சொட்டு மருந்து தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் வேகத்துக்கு அதை உருட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தான்.