காற்றோடு போன தொள்ளாயிரம் மில்லி

நாளைக் காலை பத்து மணிக்கு உதவிப் பேராசிரியையின் வேலை நிரந்தரமாகுமா என்பது தெரிந்துவிடும். தேர்வுக்குழுவிடம் சொல்ல அவளிடம் ஓர் எண் இருந்தது. சலவைத்தூளில் சேர்க்கும் நொதியை, அவளுடைய புதிய ஊட்டமுறையில் பாக்டீரியாக்கள் இருபத்தைந்து சதவீதம் கூடுதலாகச் சுரந்தன.

கடைசிச் சோதனை ஓட்டம் முடிந்து, ஆய்வக ஃபிட்டரும் அவளும் பாக்டீரியா வளர்க்கும் கலனைக் காலி செய்தார்கள்.

“மேடம், உங்க பாக்டீரியாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?”

“ஏன்ணா?”

“அஞ்சு லிட்டர் ஊத்தினோம். நாலே சொச்சம்தான் இருக்கு. மிச்சத்தை யார் குடிச்சது?”

சேர்த்த ஊட்டம், எடுத்த மாதிரி எல்லாம் கழித்துப் பார்த்தாள். தொள்ளாயிரம் மில்லி குறைந்தது. கலனின் தலையிலிருந்த கண்டென்சரைத் தொட்டாள், சுட்டது. வெளியேறும் காற்றின் ஈரத்தைக் குளிர்வித்துத் திரும்ப இறக்க வேண்டிய குழாய் அது. புதிய முறையைத் தொடங்கிய மாதம் குழாய் வேலைக்கு வந்தவர்கள் குளிர்நீர்த் திருகை மூடிவிட்டு, அரைகுறையாகத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீர் காற்றோடு போய்விட்டது, மிஞ்சிய நீரில் நொதி செறிவாகி, கூடுதலாகச் சுரந்ததுபோல் காட்டிவிட்டது. பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அந்த மாதம் தொட்டு ஒவ்வோர் ஓட்டத்திலும் கடைசி அளவு குறைவு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. எழுதியிருக்கிறாள், பார்க்கத்தான் இல்லை.

திருத்திக் கணக்குப் போட்டதில் இருபத்தைந்து, இரண்டரை ஆனது.

“குழுவுல யாராவது கண்டுபிடிப்பாங்களா?” என்றான் கணவன், இரவு வீட்டில் துணி மடித்தபடி.

“மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் வம்பு?”

“நாளைக்கு ஒரு கம்பெனி என்னை நம்பி ஐயாயிரம் லிட்டர் போடும். அங்க கண்டென்சர் ஒழுங்கா ஓடும். இருபத்தஞ்சு எங்கன்னு கேட்டா நான் எங்க போய் முழிக்கறது?”

“அதுவும் சரிதான். உன் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கறேன்.”

மறுநாள் தேர்வுக்குழுவின் முன், நடந்ததை நடந்தபடி சொன்னாள். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டரைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?”

“ஆமா சார். ஆனா புது முறையில, பாக்டீரியாவுக்குப் போடற சர்க்கரை பாதிதான் செலவாகுது.”

“பாதியா? அதை ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை?”

“இருபத்தஞ்சு இருந்தப்போ அது என் கண்ணுக்கே படலை சார்.”

அவர் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. “நம்ம லேப் கண்டென்சரைத் தொட்டுப் பாருப்பா... சுடுதா? எத்தனை மாசமா?” என்ற குரல் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. துறைத்தலைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தவர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

மதியம் தாழ்வாரத்தில் நின்று கணவனைப் போனில் அழைத்தாள்.

“கிடைச்சிடுச்சு.”

“ரெண்டரைக்கா?”

“ரெண்டரைக்குத்தான்” என்று சொல்லும்போதே அவளுக்குப் பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.