எதிர்க்கடை டாக்டர்

சிம்பாங் அம்பாட்டில் இரண்டு டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தவரை நாங்கள் நன்றாக இருந்தோம். அவர்கள் சண்டையை நிறுத்தினார்கள், என் புருஷன் செத்துப்போனார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. "முனியாயிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிய பிறகு, காய்ச்சல் வந்தாலும் கை கிழிந்தாலும் பஸ் பிடித்து பக்கத்து டவுன் சிம்பாங் அம்பாட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே முதலில் இருந்தவர் டாக்டர் சிவசாமி. தலை நரைத்தவர், கோபக்காரர், கைராசிக்காரர். அப்புறம் மலாக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை டாக்டர் ஹனீஃப் வந்தார். வந்தவர் ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி, சாலைக்கு அந்தப் பக்கம், சிவசாமியின் கிளினிக்குக்கு நேர் எதிரே திறந்தார். பீசிலும் இரண்டு வெள்ளி குறைத்து வாங்கினார். சிவசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து சிவசாமி அவர் பெயரைச் சொன்னதில்லை. "எதிர்க்கடைக்காரன்" என்பார். ஹனீஃப் இவரைப் "பெரியவர்" என்பார், அதில் மரியாதையை விடக் குத்தல்தான் அதிகம். ஹனீஃப் குளுகுளுவென்று ஏர்கோன் போட்டார். உடனே சிவசாமி, நெஞ்சில் ஒயரை ஒட்டி இருதயம் ஓடுகிற ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாகப் போட்டுக் காட்டும் மெசின் ஒன்றை வாங்கி, வாசலிலிருந்தே தெரிகிற மூலையில் வைத்தார். வாங்கிய புதிதில் சளி என்று போனவர்களுக்குக்கூட ஒயரை ஒட்டினார், காசும் வாங்கவில்லை. எதிர்க்கடையில் இது கிடையாது என்று ஊருக்குத் தெரியவேண்டாமா?

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நாங்கள்தான். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவரிடம் போய்விடுவோம். அது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. கொஞ்சம் பயப்படுகிற நோய் என்றால் முதலில் ஒருவரிடம் காட்டுவோம். அவர் கொடுத்த மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டே சாலையைக் கடந்து மற்றவரிடம் போவோம். மறைக்கமாட்டோம். "டாக்டர், எதிர்க்கடையில பாத்துட்டுத்தான் வரேன்" என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். கேட்டவுடன் மனுஷர் நிமிர்ந்து உட்காருவார். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் இல்லையா? அந்த ஆள் எதைக் கோட்டை விட்டிருப்பான் என்று நம்மை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடுவார். சொந்தக்காரன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

என் மகள் தாரணி உயிரோடு இருப்பதே அதனால்தான். சின்னப் பிள்ளையில் அவளுக்கு வயிற்று வலி வந்தபோது சிவசாமி வாயு என்றார். எதிரே தூக்கிக்கொண்டு போனேன். ஹனீஃப் அடிவயிற்றை மெல்ல அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தார். பிள்ளை துடித்துப்போனாள். "இது வாயு இல்ல அக்கா, குடல்வால். பெரியவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு" என்று சொல்லி, தன் காரிலேயே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள். சிவசாமி ரொம்ப நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பட்டும், எனக்கு மகள் கிடைத்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

தொண்ணூற்று ஏழில், இரண்டு கடையிலும் ஒரே மாதத்தில் விலை ஏறியது. ஒரே அளவுக்கு ஏறியது. போர்டு என்னவோ அதே பழைய போர்டுதான். மருந்து போட்டுக் கொடுக்கும் பை மட்டும் இரண்டு இடத்திலும் பச்சையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கருப்பாயிதான் முணுமுணுத்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா பேராச புடிக்கும், சொல்லுலா."

அந்தச் சமயத்தில்தான் என் புருஷன் சின்னத்தம்பிக்கு நெஞ்சுக்குழியில் எரிய ஆரம்பித்தது. அவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வலி என்று வாய் திறக்கிற ஆள் கிடையாது. ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, இடது தோள் கனக்கிறது என்றார். மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஹனீஃப் முன்பெல்லாம் வீட்டுக் கதை, தோட்டத்துக் கதை எல்லாம் கேட்பார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் பேசி முடிப்பதற்குள் அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். "கேஸ்ட்ரிக்தான் அண்ணே. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்கள்.

"வாங்க, எதிர எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவோம்" என்றேன். இவர் புலம்பிக்கொண்டே சாலையைக் கடந்தார்.

"டாக்டர், எதிர்க்கடையில பாத்துட்டுத்தான் வரோம்" என்று சிவசாமியிடம் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, அவர் நிமிர்ந்து உட்காருவதற்காகக் காத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார்.

"டாக்டர் ஹனீஃப் என்ன சொன்னாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "கேஸ்ட்ரிக்குன்னாரு" என்றேன்.

"அப்ப அதுதான். அவரு நல்லா பாப்பாரு. அந்த மருந்தையே சாப்பிடட்டும்."

சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. நாடியைப் பிடிக்கவில்லை. நான் இவரை முழங்கையால் இடித்தேன். "தோளு கனக்குது டாக்டர்" என்றார் இவர்.

"லாரி ஓட்டுற தோளு கனக்காம என்ன செய்யும்?"

மெசின் இருந்த மூலையில் சத்து மாத்திரை டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "அந்த ஒயர் மெசின் எங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"மலாக்காவுக்குக் கொண்டுபோயிட்டாங்கமா. வேணும்னா அங்க போயி எடுத்துக்கலாம். செலவு சாஸ்தி." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கொண்டுபோனவர்கள் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எலியும் பூனையும் ஒண்ணா சொல்லுதுன்னா அது சத்தியமா கேஸ்ட்ரிக்தான் புள்ள. வா, ரொட்டி சானாய் சாப்பிடுவோம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருக்காங்கலா." அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் ஒரே சாட்சி சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்று மனதில் வைத்திருந்ததை விட்டுவிட்டேன். அவர் இரண்டு ரொட்டி சாப்பிட்டார். எனக்கும் ஒன்று பிய்த்துக் கொடுத்தார்.

அந்த வாரமே போய்விட்டார். எண்ணெய் ஆலையில், நிறுவைக்கு நிற்கிற வரிசையில், லாரிக்குள் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. முன்னால் இருந்த லாரி நகர்ந்துவிட்டது, இவர் லாரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் அடித்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை, ஆனால் இன்றைக்கும் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டர், இருதயம்தான் என்றார். பல நாளாகவே அடைப்பு இருந்திருக்கும் என்றார். "ஒயர் ஒட்டி ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரும் பாக்கலையா?"

பார்த்தார்களே, இரண்டு பேர் பார்த்தார்களே என்று நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவரைக் கிடத்திய பெட்டியை வீட்டு நடுவில் வைத்திருந்தோம். தாரணி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு கதவைத் திறந்துகொண்டு சிவசாமி இறங்கினார். மறு கதவைத் திறந்துகொண்டு ஹனீஃப் இறங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே காடியில வந்திருக்காங்க பாரு. சின்னத்தம்பிக்கு எவ்வளவு மருவாத" என்று கருப்பாயி என் காதில் சொன்னாள்.

காரின் கதவில் பச்சை எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. அந்த மருந்துப் பையின் அதே பச்சை.

"இது என்னா டாக்டர்?" என்று கார் கதவைக் காட்டிக் கேட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன்.

சிவசாமிதான் சொன்னார். "ரெண்டு கிளினிக்கையும் கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணு வாங்கிருச்சுமா. எங்களுக்குச் சம்பளம்தான். விலையெல்லாம் அவங்க வைக்கிறது. ஒருத்தர் பாத்தத இன்னொருத்தர் திரும்பப் பாக்கக்கூடாதாம். வீண் செலவாம்."

ஒரே கடை. நாங்கள் சாலையைக் கடந்து கடந்து ஒரே கடைக்குத்தான் போயிருக்கிறோம். என் புருஷனை ஒரே ஒருவர், அதுவும் மணியடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். நான் அதை இரண்டு என்று எண்ணி, ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. எழுந்து சிவசாமியின் எதிரே போய் நின்றேன்.

"டாக்டர், எதிர்க்கடைக்காரன் தப்பாப் பாத்துட்டான்னு சொல்லுங்க. பழைய மாதிரி கோவமா சொல்லுங்க. இப்பவாச்சும் எங்க வீட்டுக்காரரு காதுல விழட்டும்."

ஹனீஃப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. "சொல்லுங்க பெரியவரே" என்றார். இந்தத் தடவை அதில் குத்தல் இல்லை.

சிவசாமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எப்படிமா சொல்றது? அவன் தப்பாவாச்சும் பாத்தான். நான் பாக்கவே இல்லையேமா."